ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அப்பால்: பாலைவனக் கம்யூனிட்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் நடுமத்தியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் பாலைவனத்தில் அபாரிஜினல் மக்களின் சிற்றூர்கள் இருக்கின்றன. யுவெண்டுமு ஏறக்குறைய 290 கிலோமீட்டர், பப்புன்யா 240, கின்டோர் 530. ஹெர்மன்ஸ்பர்க் மட்டும் பக்கம், 130. இவற்றை யாரும் ஊர் என்றோ கிராமம் என்றோ சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'கம்யூனிட்டி'தான். கிளினிக், பள்ளி, ஸ்டோர், கவுன்சில் அலுவலகம், முதியோர் பராமரிப்பு என்று அங்கே வெளியாட்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. செவிலியர், டாக்டர், ஆசிரியர், ஸ்டோர் மேனேஜர் என்று நம்மவர்களும் போகிறார்கள்.

போனவர்களில் பலர் சில மாதங்களில் திரும்பிவிடுகிறார்கள். வெயிலையும் தூரத்தையும் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. யாருடைய நிலத்தில் நிற்கிறோம், அங்கே யாருடைய சட்டம் செல்லும் என்பது பிடிபடாமலே நாட்கள் ஓடிவிடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் இப்படி வந்து போன நர்ஸுகளையும் டீச்சர்களையும் வரிசையாகப் பார்த்தவர்கள். ஆகவே உங்களிடம் உடனே ஒட்டமாட்டார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிதானமாக, ஒரே மாதிரியாக, நாள்தோறும் உங்களைப் பார்த்த பிறகுதான் கதவு திறக்கும்.

பர்மிட்டும் காகிதங்களும்

இந்த நிலம் அரசு நிலம் அல்ல. 1976இன் நில உரிமைச் சட்டத்தின்படி நார்தர்ன் டெரிட்டரியில் பெரும்பரப்பு அபாரிஜினல் மக்களுக்கே சொந்தம். உள்ளே கால் வைக்கப் பர்மிட் வேண்டும். மத்தியப் பகுதிக்கு அதை வழங்குவது சென்ட்ரல் லேண்ட் கவுன்சில். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஏபிஒய் (ஆனங்கு பிட்ஜன்ட்ஜாட்ஜாரா யாங்குனிட்ஜாட்ஜாரா) நிலங்களுக்குத் தனிப் பர்மிட்; அங்கே 1981இன் சட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஙான்யட்ஜாரா நிலங்களுக்கும் தனி. ஒன்று இருந்தால் இன்னொன்றுக்குள் போக முடியாது. உலுருவிலிருந்து கிரேட் சென்ட்ரல் ரோடு வழியாக மேற்கே போகிறவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு வாங்க வேண்டும்.

வேலைக்கான பர்மிட்டை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். உங்களைப் பார்க்க வரும் அம்மா, அப்பா, நண்பர்களுக்கு அது செல்லாது. அவர்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழும், குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதியும் கட்டாயம். நார்தர்ன் டெரிட்டரியில் இந்த அனுமதிக்கு 'ஓக்கர் கார்டு' என்று பெயர். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். மெல்போர்னில் எடுத்த அட்டை இங்கே உதவாது. கார்டு கைக்கு வராமல் வேலையில் இறங்க முடியாமல் போகிறவர்கள் உண்டு. ஆகவே வேலை உறுதியானதும் முதல் காரியம் அதுதான்.

கொண்டுபோகக் கூடாதவை

மது. பெரும்பாலான கம்யூனிட்டிகளில் மது முழுத் தடை. எல்லையில் பெரிய பலகை நிற்கும். வண்டியின் பின்புறம் பெட்டிக்குள் ஒரே ஒரு பாட்டில் இருந்தாலும் குற்றம்தான், வண்டியே பறிபோகலாம். பலகையைத் தாண்டும் முன் வண்டியை ஒருமுறை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல். இங்கே பலருக்கு வியப்பாக இருக்கும். பெட்ரோலை முகர்ந்து போதை கொள்ளும் பழக்கம் இந்தப் பாலைவனத்தில் ஒரு தலைமுறை இளைஞர்களைச் சிதைத்தது. 2005இல் 'ஓபல்' என்ற குறைந்த நறுமணச் சேர்மங்கள் கொண்ட பெட்ரோல் வந்த பிறகுதான் அது பெருமளவு குறைந்தது. அதற்கும் முன்பே, 1994இல், யுவெண்டுமு பெரியவர்கள் முகரும் பையன்களை மவுண்ட் தியோ என்ற தூரத்துக் குடியிருப்புக்கு அழைத்துச் சென்று அங்கேயே வைத்துப் பராமரித்து மீட்டார்கள். இத்தனை பேர் பாடுபட்டு அடைத்த கதவை நீங்கள் ஒரு கேனில் திறந்துவிடக் கூடாது. சாதாரண பெட்ரோலைக் கேனில் நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள். டீசல் வண்டி எடுப்பது எல்லா வகையிலும் நல்லது. அதே காரணத்துக்காக ஸ்ப்ரே டியோடரன்டுக்குப் பதில் ரோல்-ஆன் வாங்குங்கள். பெயின்ட் ஸ்ப்ரே, பசை போன்றவை வேலைக்குத் தேவைப்பட்டால் பூட்டி வையுங்கள்.

சாலை

கின்டோர் போகும் சாலையில் தனாமி ரோட்டின் தார் பகுதியை விட்டுப் பிரிந்தால் பிறகு முழுக்க மண். மண் சாலை என்றதும் நம் ஊர் வண்டிப்பாதையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அகலமாக, நேராக, ஆளில்லாமல் இருக்கும். அதனால்தான் ஆபத்து. வண்டிகளின் ஓட்டத்தில் மண் குறுக்கே வரிவரியாக எழும்பி நிற்கும், 'கோரகேஷன்' என்பார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி பிய்ந்துவிடும்போல அதிரும். 80இல் டயர் மேடுகளின் தலையை மட்டும் தொட்டு ஓடும், அதிர்வு குறையும். ஆனால் அப்போது டயருக்குத் தரையோடு பிடிப்பும் குறைந்திருக்கும். ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினாலோ பிரேக்கை அழுத்தினாலோ வண்டி உருளும். புதியவர்களின் விபத்துகள் அநேகமாக இப்படித்தான் நேர்கின்றன: ஒரு கங்காரு குறுக்கே வரும், கை தானாகத் திருப்பும். நேராகப் பிடித்துக்கொண்டு மெல்ல வேகம் குறைப்பதை முன்கூட்டியே பழகுங்கள்.

டயர் காற்று மண் சாலையில் 26 முதல் 28 பிஎஸ்ஐ, ஆழமான மணலில் 16 முதல் 18. ஏற்றிய பாரத்தைப் பொறுத்து இதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர், ஒரு கேஜ் வேண்டும். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஜாக்கியை மணலில் வைத்தால் புதைந்துவிடும். அடியில் வைக்க ஒரு தடித்த பலகை வண்டியிலேயே கிடக்கட்டும். கிளம்பும் முன் வீல் நட்டுகளை உங்கள் கையால் கழற்றிப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் மெஷினால் இறுக்கிய நட்டு, நடுவழியில் கைச் சாவிக்கு அசையாது.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் கணக்கில், வழியில் நின்றுபோகக்கூடிய நாட்களையும் சேர்த்து எடுங்கள். ஒரே கேனில் வேண்டாம். ஒன்று உடைந்தால் எல்லாம் போகும். கம்யூனிட்டியைத் தாண்டினால் மொபைல் சிக்னல் இல்லை. உள்ளேயும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா மட்டுமே எடுக்கும். சாட்டிலைட் போன் அல்லது 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று வண்டியில் இருக்கட்டும். யுஎச்எஃப் ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்தால் ரோடு டிரெய்ன் டிரைவர்களோடு பேசலாம். மூன்று நான்கு டிரெய்லர்களை இழுத்து 50 மீட்டருக்கு மேல் நீளும் அந்த லாரிகள் எதிரே வந்தால் ஓரங்கட்டி நின்று, புழுதி அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

போகும் நேரத்தையும் வந்துசேர வேண்டிய நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, சேர்ந்ததும் அவருக்குத் தெரிவியுங்கள். இருட்டிய பின் ஓட்டாதீர்கள். மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சாலையில்தான் நிற்கும். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் உண்டு, அதைவிட நீங்கள் பதிக்கும் தடம் காய்ந்து பல மாதம் எல்லோர் வண்டியையும் உடைக்கும்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியோடேயே இருங்கள். இதில் விதிவிலக்கே இல்லை. தேடி வருகிறவர்களுக்கு வண்டிதான் முதலில் தெரியும். நடந்து போனவர்கள்தான் இறந்திருக்கிறார்கள்.

வீடு, தண்ணீர், அடுப்பு

வேலையோடு வீடு தருவார்கள். சுற்றிலும் கம்பி வேலி, பூட்டு. உள்ளே குளிர்விக்கப் பெரும்பாலும் நீர் நனைந்த அட்டைகள் வழியே காற்றை இழுக்கும் கூலர்தான் இருக்கும். ஏசி பழக்கத்தில் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டால் வீடு வெக்கையாகவும் ஈரமாகவும் ஆகிவிடும். ஆள் இருக்கும் அறையின் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். காற்று வெளியேற வழி இருந்தால்தான் குளிரும். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அட்டைகள் கல்போல இறுகும். கோடைக்கு முன் மாற்றச் சொல்லி வையுங்கள். நவம்பரில் கேட்டால் ஆள் வரமாட்டார்.

குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். சில இடங்களில் நைட்ரேட், ஃபுளோரைடு, யுரேனியம் கூட இயற்கையாகவே கலந்திருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் பால்மாவு கரைக்கக் குழாய் நீரை நம்ப வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள். பொதுவாகக் குடிக்க ஆர்ஓ வடிகட்டி போதும். துவரம்பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும். குக்கரைக் குறை சொல்லாதீர்கள், கால்சியம் மிகுந்த நீரில் பருப்பு அப்படித்தான் இருக்கும். ஆர்ஓ நீரிலோ மழைநீரிலோ வேக வைத்தால் பழைய விசில் கணக்கு சரியாக வரும்.

ஸ்டோருக்குச் சரக்கு லாரி வழக்கமாக வாரம் ஒருமுறை. வந்த மறுநாள் காய்கறி நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் வெங்காயமும் உருளையும் மிஞ்சும். விலை நகரத்தைவிடக் கூடுதல். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கடுகு எல்லாம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே வாங்கிவிடலாம், இந்திய மளிகை அங்கே கிடைக்கிறது. மழையில் சாலை அடைபட்டால் தாக்குப்பிடிக்க இரண்டு வாரச் சமையலுக்கு உபரி எப்போதும் இருக்கட்டும். எலித் தொல்லை உண்டு. மூட்டையாக வைக்காமல் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் கொட்டுங்கள். கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளலாம். குக்கர் கேஸ்கட் உபரியாக இரண்டு எடுங்கள். வழியில் எங்கும் கிடைக்காது. குளிர்காலத்தில் இரவு சுழியத்துக்குக் கீழே போகும் என்பதால் கம்பளியும் வேண்டும். பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டை மட்டும் எடுத்து வருகிறவர்கள் ஜூலையில் நடுங்குகிறார்கள்.

உறவுமுறை

இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றவை பாதி தானாக விளங்கும். தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அங்கேயும் அம்மாவின் அக்கா தங்கையும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பியும் அப்பாதான், அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்புகள். மாமன், அத்தை பிள்ளைகள் வேறு வகை. இதை ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கும். பெரியம்மா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும். 'எனக்கு இறந்துபோனது அம்மா' என்று ஒரே ஆள் இரண்டாம் முறை விடுப்பு கேட்டால் பொய் என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் நினைக்க மாட்டீர்கள்.

ஆனால் இங்கே இது இன்னும் ஒரு படி விரிகிறது. யுவெண்டுமுவின் வார்ல்பிரி மக்களிடம் எட்டுப் பிரிவுகள் உண்டு. 'ஸ்கின் நேம்' என்று சொல்வார்கள். ஆண் பெயர் 'ஜ' வரிசையிலும் பெண் பெயர் 'ந' வரிசையிலும் தொடங்கும்: ஜக்கமாரா–நக்கமாரா, ஜப்பல்ஜாரி–நப்பல்ஜாரி என்பதுபோல. உலகத்தில் எவரையும் இந்த எட்டில் ஒன்றில் வைத்துவிடலாம், உங்களையும் சேர்த்து. கொஞ்ச நாளில் யாராவது உங்களுக்கும் ஒன்று கொடுப்பார்கள். நீங்களாகக் கேட்காதீர்கள். கொடுப்பது விளையாட்டுப் பெயர் அல்ல. அதோடு கடமைகள் வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. கிளினிக்கில் உங்களோடு வேலை பார்க்கும் நுங்காரயி ஒருவர் உங்களைத் தங்கை என்று ஏற்றால் நீங்களும் நுங்காரயி. அவருக்கு முறையான கணவர் ஜங்கலா பிரிவினர். பிள்ளைகள் ஜம்பிஜின்பா, நம்பிஜின்பா. அந்தப் பிள்ளைகள் உங்களுக்கும் பிள்ளைகள். நம்பிஜின்பாவுக்கு முறை மாப்பிள்ளை ஜப்பங்கார்டி. ஆக, ஊரிலுள்ள ஜப்பங்கார்டி ஆண்கள் எல்லோரும் உங்களுக்கு மருமகன் முறை. மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், ஒரே வண்டியில் ஏறமாட்டார்கள், ஒரே அறையில் உட்காரமாட்டார்கள். மாப்பிள்ளை வந்தால் கதவுக்குப் பின் நின்ற நம் பாட்டிமாரின் வழக்கம் இங்கே உயிரோடு இருக்கிறது, வெட்கமாக அல்ல, மரியாதையாக. வயதுவந்த அண்ணன் தங்கைக்கு நடுவிலும் ஓர் இடைவெளி உண்டு.

வேலைக்கு இதனால் என்ன? கூட்டத்தில் ஒருவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றால் 'வாங்க, உட்காருங்க' என்று வற்புறுத்தாதீர்கள். உள்ளே அவர் தவிர்க்க வேண்டியவர் இருக்கலாம். வண்டியில் யார் யாரை ஏற்றுவது, வகுப்பில் யாரை யார் பக்கம் உட்கார வைப்பது என்று உள்ளூர்ச் சக ஊழியரிடம் கேட்டுச் செய்யுங்கள். பிரிவுகளின் எண்ணிக்கையும் பெயரும் மொழிக்கு மொழி மாறும். தெற்கே ஏபிஒய் நிலத்துப் பிட்ஜன்ட்ஜாட்ஜாரா மக்களிடம் இந்தப் பெயர்கள் வழக்கில் இல்லை, ஆனால் தவிர்க்கும் முறைகள் அங்கும் உண்டு.

பேச்சும் நடையும்

வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். வேலிக்கு வெளியே, உங்களை அவர்கள் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ, யாராவது தலை தூக்குவார்கள், கை அசையும். அந்தக் கை அசைவே ஒரு மொழி. வார்ல்பிரி மக்களின் சைகை மொழி விரிவானது. துக்கத்தில் இருக்கும் பெண்கள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் அதிலேயே எல்லாம் பேசுவார்கள். கூப்பிடவில்லை என்றால் திரும்பிவிடுங்கள், மாலையில் வரலாம்.

கண்ணைக் கூர்ந்து பார்த்துப் பேசுவது முரட்டுத்தனம். பக்கவாட்டில், முடிந்தால் தரையில் உட்கார்ந்து பேசுங்கள். கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை நிரப்ப இன்னொரு கேள்வி போடாதீர்கள். 'மாத்திரை போட்டீர்களா?' என்றால் ஆமாம் என்றுதான் வரும். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்லும் ஆமாம் அது. 'எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள்' என்று கேளுங்கள். வார்ல்பிரியில் 'யுவாயி' ஆம், 'லாவா' இல்லை. பிட்ஜன்ட்ஜாட்ஜாராவில் 'உவா', 'வியா'. இந்த நான்கு சொல் தெரிந்தால் கூட முகம் மலரும்.

பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான பாவாடையோ சுடிதாரோ அணியலாம். ஆண்களின் விஷயங்களை ஆண்களிடமே, பெண்களின் விஷயங்களைப் பெண்களிடமே பேசுங்கள். குன்று அழகாக இருக்கிறது என்று ஏறிவிடாதீர்கள். புனித இடங்களுக்கு 1989இன் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நடைபயிற்சிக்குக் கூட எந்தப் பக்கம் போகலாம் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கோடையில், பள்ளி விடுமுறைக் காலத்தில், பையன்களை ஆண்களாக்கும் சடங்கு நடக்கும். 'பிசினஸ்' என்பார்கள். சில சாலைகள் திடீரென மூடப்படும். காரணம் கேட்காமல் வேறு நாள் போங்கள்.

யுவெண்டுமு பக்கத்து முதியவர்கள் பலரின் பெற்றோர் 1928இல் கோனிஸ்டன் படுகொலையிலிருந்து ஓடித் தப்பியவர்கள். ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் தலைமையில் போன கூட்டம் கொன்றது 31 பேரை என்று அரசு கணக்கு. மக்கள் சொல்லும் கணக்கு அதைவிட மிகப் பெரியது. 2007இல் அரசு ராணுவத்தையும் அழைத்துக்கொண்டு நார்தர்ன் டெரிட்டரி கம்யூனிட்டிகளின் நிர்வாகத்தில் 'தலையீடு' செய்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரசு முத்திரை ஒட்டிய வண்டியில் நீங்கள் இறங்கும்போது முகங்கள் இறுகினால், அது உங்களைப் பற்றியதல்ல.

சாவு நேர்ந்தால்

'ஸாரி பிசினஸ்' என்ற சொல்லைக் கேட்டால் அன்றைய திட்டத்தை மூடி வையுங்கள். ஸ்டோர், அலுவலகம், கூட்டம் எல்லாம் நிற்கும். இறந்தவரின் பெயரை யாரும் உச்சரிக்கமாட்டார்கள். அதே பெயருள்ளவர்களையும் 'குமன்ஜயி' என்று அழைப்பார்கள். உங்கள் பெயர் ஒத்துப்போனால் உங்களுக்கும் அதேதான். பள்ளிச் சுவரிலோ கிளினிக் சுவரொட்டியிலோ அவர் படம் இருந்தால் உடனே மூடிவிட்டு, என்ன செய்வது என்று குடும்பத்திடம் கேளுங்கள். வீட்டைக் காலி செய்து உறவினர் வேறு இடத்தில் முகாம் போடுவார்கள். அந்த வீட்டுக்குக் கடிதமோ மருந்தோ எடுத்துப் போகாதீர்கள். துக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு காயத்தோடு கிளினிக் வருகிறவர்கள் உண்டு; தையல் போடுங்கள், உபதேசம் வேண்டாம்.

சக ஊழியர் அழைத்தால் துக்கம் விசாரிக்கப் போகலாம். அவர் பின்னால் நடந்து, அவர் செய்வதைச் செய்து, வரிசையாக எல்லோர் கையையும் பேசாமல் பற்றிவிட்டு வாருங்கள். உடல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும். அடக்கம் சில வாரம் கழித்துக் கூட நடக்கும். ஆக, எந்தப் பயிற்சி முகாமுக்கும் மாற்றுத் தேதி ஒன்று எப்போதும் கையில் வேண்டும்.

வேலையிடத்தில்

கிளினிக்கில் உள்ளூர் அபாரிஜினல் ஹெல்த் பிராக்டிஷனர் உங்கள் உதவியாளர் அல்ல. பல விஷயங்களில் உங்கள் ஆசிரியர். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு இதய வால்வு கெடாமல் இருக்க 28 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும். பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். குழந்தை எந்தப் பாட்டி வீட்டில் இருக்கிறது, ஊசிக்கு அழும்போது யார் மடியில் வைத்தால் அடங்கும் என்பது அந்தப் பிராக்டிஷனருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் கிளம்பினால் பாதி நாள் வீணாகும். சிகிச்சைக்கு எல்லோரும் பின்பற்றுவது 'கார்ப்பா' கையேடு. போகும் முன்பே படித்துவிடுங்கள். அவசர நோயாளியை ராயல் ஃபிளையிங் டாக்டர் விமானம் எடுத்துப் போகும். அது வந்திறங்கும் வரை சில மணி நேரம் உங்கள் கையில்தான். ஆண்களுக்குத் தனி வாசல் இருந்தால் அதை மதியுங்கள். சடங்கு முடிந்த பதினான்கு வயதுப் பையனும் இங்கே ஆண்தான்.

டயாலிசிஸ் நோயாளிகள் ஊரை விட்டு நகரத்தில் ஏங்கிக் கிடந்த நிலையை மாற்றியது அவர்களே. 2000இல் கின்டோர், கிவிர்குரா ஓவியர்கள் தங்கள் ஓவியங்களை சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் கின்டோரிலேயே இயந்திரம் ஓடியது. டயாலிசிஸ் நடத்தும் 'பர்ப்பிள் ஹவுஸ்' அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். இந்த மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்தக்கூடியவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேசையில் உட்காருங்கள்.

பள்ளியில் காது முக்கியம். சீழ் வடிதல் மீண்டும் மீண்டும் வந்து பல குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். பின்பக்கம் திரும்பிப் பலகையில் எழுதிக்கொண்டே பேசினால் எட்டாது. 'அடங்காத பிள்ளை' என்று குறித்து வைத்த பலரும் காது கேட்காத பிள்ளைகள். எல்லோர் முன்னிலும் ஒருவனை நிறுத்திக் கண்டிக்காதீர்கள்; அந்த அவமானத்துக்குப் பிறகு அவன் வரமாட்டான்.

ஸ்டோர் வேலைக்குக் கணவன் மனைவியாக எடுப்பது வழக்கம். கல்லாவில் உள்ளூர் இளைஞர் நின்றால் அவருடைய உறவினர்கள் கடன் கேட்டு நெருக்குவார்கள், அவரால் மறுக்க முடியாது. கடன் கிடையாது என்ற விதியை மேலாளர் பெயரில் எழுதி ஒட்டுங்கள். பழியை நீங்கள் தாங்கினால் அவர் வேலையில் நீடிப்பார்.

கேட்பதும் கொடுப்பதும்

பணம், உணவு, வண்டியில் இடம், போன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களே இதை 'ஹம்பக்' என்பார்கள். இது பிச்சை அல்ல. இருப்பவரிடம் உறவுக்காரர் கேட்பதும், அவர் கொடுப்பதும் இங்கே வாழ்வின் ஒழுங்கு. நாளை நீங்களும் கேட்கலாம். ஆனால் முதல் வாரத்தில் இளகி 50 டாலர் கொடுத்தால் மறுநாள் பத்துப் பேர் வருவார்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பணம் யாருக்கும் இல்லை, தண்ணீர், தேநீர், ரொட்டி யாருக்கும் உண்டு. வேலை வண்டியில் வேலைக்கு மட்டும். யாரையும் திட்டாமல், சிரித்தபடி, எல்லோருக்கும் ஒரே பதில். ஒருவருக்கு இளகி மற்றவருக்கு மறுப்பதுதான் பகையைக் கிளப்பும்.

ஓவியம் வாங்க விரும்பினால் ஆர்ட் சென்டரில் மட்டும் வாங்குங்கள். யுவெண்டுமுவில் 1985இலிருந்து வார்லுகுர்லங்கு இருக்கிறது. கின்டோர் பக்கத்து ஓவியர்களுக்கு 1972இல் தொடங்கிய பப்புன்யா டுலா, அது ஓவியர்களுக்கே சொந்தமான நிறுவனம். வாசலில் அவசரத்துக்கு விற்க வருபவரிடம் குறைந்த விலைக்கு வாங்குவது, அவருடைய சங்கத்தை அவர் கையாலேயே உடைக்க வைப்பது.

இரவும் ஆபத்தும்

இரவு அழைப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள். 2016இல் ஏபிஒய் நிலத்தில் ஒரு செவிலியர் கொல்லப்பட்ட பிறகு, இரண்டாம் ஆள் கட்டாயம் என்று தெற்கு ஆஸ்திரேலியா சட்டமே இயற்றியது. உங்கள் நிறுவனம் இரண்டாம் ஆளைத் தருமா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். குடும்பச் சண்டை தெருவுக்கு வந்தால் வேலிக்குள் இருங்கள், பக்கம் சேராதீர்கள்.

நாய்கள் ஏராளம். குனிந்து கல்லெடுப்பதுபோல் காட்டினால் நம் ஊர் நாயைப்போலவே விலகும். 'சீக்கி டாக்' என்று யாராவது சொன்னால் குறும்பு நாய் என்று எண்ணி நெருங்காதீர்கள், கடிக்கும் நாய் என்று பொருள்.

பாம்புக்கடிக்குக் கட்டுப் போடாதே என்று இந்தியாவில் படித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கு முதலுதவி வேறு. 10 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாய் மேலும், பிறகு இன்னொன்றை விரல்களிலிருந்து மேல்நோக்கி கை அல்லது கால் முழுவதும், சுளுக்குக்குச் சுற்றும் இறுக்கத்தில் சுற்றி, மரச்சட்டம் வைத்து அசையாமல் கட்ட வேண்டும். ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கயிற்றுக் கட்டு கூடாது, கழுவவும் கூடாது. ஆளை நடக்க விடாதீர்கள். வண்டியை அவரிடம் கொண்டுவாருங்கள்.

மனம் சோர்ந்தால் மறைக்காதீர்கள். தொலைதூரச் சுகாதாரப் பணியாளர்களுக்கான கிரேனாபிளஸ் அமைப்பின் புஷ் சப்போர்ட் லைனில் உளவியலாளர்கள் இரவும் பகலும் இலவசமாகப் பேசுவார்கள், குடும்பத்தினரும் அழைக்கலாம். விடுப்பைச் சேர்த்து வைக்காமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே போய் வாருங்கள்.

கிளம்பும்போது

ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் போனவர்களைத்தான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் போய்ச் சொல்லுங்கள், திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வளர்த்த நாயைத் தெருவில் விடாமல் கூட்டிச் செல்லுங்கள். அடுத்து வருபவருக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யார் யாரைத் தவிர்ப்பார்கள், எந்தப் பெயரை இப்போது சொல்லக் கூடாது, எந்தப் பக்கம் நடக்கக் கூடாது, எந்தக் குழாயில் நல்ல தண்ணீர். எழுதியதைக் கொடுக்கும் முன் உள்ளூர்ச் சக ஊழியரிடம் படித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்ற வரிகளை அடித்துவிடுங்கள்.